ஆசிரியருக்குக் கடிதம்: ஜான் மோனாஷ் பற்றிச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின் தளபதிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். முப்பதாண்டுகளுக்கும் மேலாக நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால், ஆஸ்திரேலியத் தளபதி சர் ஜான் மோனாஷுக்கு அக்கட்டுரையில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரே ஒரு பத்தி இரண்டு நாட்களாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாலம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிவில் இன்ஜினீயர், போர் மூண்டதும் சீருடை அணிந்து, தம் கணிதத் திறமையால் ஜெர்மானியரை வென்றார் என்பது அப்பத்தியின் சாரம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் சீருடையைப் பற்றிய செய்தியும் சரியில்லை, கணிதத்தைப் பற்றிய செய்தியும் சரியில்லை. இரண்டையும் திருத்தத் தங்கள் பத்தியில் சற்று இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் சீருடை. 1865இல் மெல்போர்னில், பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்த மோனாஷ், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1884இல், அங்கிருந்த தன்னார்வப் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டார். 1887இல் துறைமுகக் காவலுக்கான பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். பத்தாண்டுகளில் அந்தப் பீரங்கிப் பிரிவையே நடத்தும் மேஜர் ஆனார். 1908இல் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து, விக்டோரியா மாநிலத்தில் நிலப்படம் தயாரித்தல் உள்ளிட்ட ராணுவத் தகவல் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1913இல் சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கும் கர்னல் ஆனார். இவை யாவும் பகுதிநேரப் பணிகள். வார இறுதிகளிலும் மாலை வேளைகளிலும் ஆண்டுப் பயிற்சி முகாம்களிலும் செய்தவை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது அவருக்கு வயது 49, ராணுவ அனுபவம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அப்போதும் அவரை உடனே போர்முனைக்கு அனுப்பிவிடவில்லை. சில வாரங்கள் தணிக்கை அதிகாரியாக உட்கார்ந்து கடிதங்களையும் தந்திகளையும் பார்க்கும் வேலையைத்தான் கொடுத்தார்கள். அதன் பிறகே 4ஆம் பிரிகேடு அவர் கைக்கு வந்தது.

ஒரே நாளில் சீருடை மாட்டிய கதை அந்தப் போரில் உண்டு. ஆனால் அது வேறு ஆட்களுடையது. ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயக் காண்ட்ராக்டர், மான்செஸ்டரில் பாதாளச் சாக்கடை தோண்டிக்கொண்டிருந்த தம் ஆட்களில் ஒரு சிறு குழுவை 1915 பிப்ரவரியில் அப்படியே பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். மரப்பலகைச் சிலுவையில் மல்லாந்து சாய்ந்து, மண்வெட்டியை இரண்டு கால்களாலும் உதைத்துக் களிமண்ணைச் சத்தமில்லாமல் வெட்டியெடுப்பது அவர்களது தொழில். எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் சுரங்கம் தோண்ட அதைவிடப் பொருத்தமான வித்தை கிடையாது. நேற்று வரை சாக்கடையில் இருந்தவர்கள் சில நாட்களில் ராணுவத்தினராகிப் போர்முனையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் கட்டுரையாளர் மனத்தில் இருந்த சித்திரம் இவர்களுக்குத்தான் பொருந்தும்.

இனி கணிதம். மோனாஷ் கணிதத்தில் கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை. பொறியியலோடு கலையிலும் சட்டத்திலும் பட்டம் பெற்றவர். இருபத்து மூன்றாவது வயதிலேயே மெல்போர்னின் வெளிவட்ட ரயில் பாதை வேலையை ஒரு காண்ட்ராக்டரின் சார்பில் நின்று நடத்தியவர். ஆனால் அவரைத் தளபதியாக்கியது கணக்கு என்று சொல்பவர்கள், அவர் தொழில் வாழ்க்கையின் நடுப்பகுதியைப் படிக்காதவர்கள் என்றே நினைக்கிறேன். வெற்றிகளை விட்டுவிட்டு அந்த நடுப்பகுதிக்கு வருகிறேன், ஏனெனில் எனக்கு அவர் அங்கேதான் புரிந்தார்.

ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாமல் இருப்பதற்காகச் சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்து, 1867இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பூந்தொட்டியிலிருந்து கிளைத்த முறைதான் நாம் இன்று ‘ஆர்.சி.சி.’ என்று அன்றாடம் சொல்லும் கம்பி கட்டிய கான்கிரீட்டின் முன்னோடிகளில் ஒன்று. மோனாஷும் அவருடைய கூட்டாளி ஜோஷுவா ஆண்டர்சனும் அந்த மோனியே முறையை விக்டோரியாவுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள். 1899இல் மெல்போர்னில் யாரா ஆற்றின் குறுக்கே அவர்கள் பங்கேற்றுக் கட்டிய வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டு ஃபையன்ஸ்ஃபோர்டில் கட்டிய பாலமும் நிற்கிறது. ஆனால் அந்தப் பாலத்துக்கு உரிய பணத்தைத் தர உள்ளூர் மன்றங்கள் மறுத்துவிட்டன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், மேல்முறையீட்டில் இவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. பில் பாஸாகாத துயரம் எல்லா நாட்டுக்கும் பொது போலும்.

அதைவிடப் பெரிய அடி 1901இல் பெண்டிகோ நகரத்தில் விழுந்தது. ஓடையைச் செங்குத்தாகக் கடக்காமல் சாய்வாகக் கடக்கும், நாங்கள் ‘ஸ்க்யூ’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்த அந்தப் பாலம், சுமை சோதனைக்காக மேலே கனமான எஞ்சின்களை ஏற்றியபோது இடிந்து விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த கோட்பாட்டின்படி கணக்குச் சரியாகவே போடப்பட்டிருந்தது. துறையின் மூத்த பேராசிரியரும் அதற்கு உடன்பட்டிருந்தார். சாய்வான வளைவில் சுமை எப்படிப் பரவும் என்பதை அந்தக் கோட்பாடு முழுமையாகச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் குறை. கூட்டாளிகள் இருவரும் பாலத்தைத் தங்கள் செலவிலேயே மறுபடியும் கட்டிக் கொடுத்தார்கள். மோனாஷ் கடனாளியானார்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஓர் இரவு. நான் இளநிலையில் இருந்த காலத்தில், விருத்தாசலத்துக்கு அருகில் ஒரு சிறு பாலத்துக்குச் சுமை சோதனை. ஸ்லாபின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். அடியில் சாரத்தின் மேல், ஸ்லாப் எவ்வளவு கீழே வளைகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, மணிக்கு ஒரு முறை டார்ச் அடித்து முள்ளைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியது என் வேலை. கணக்கைப் போட்டவரும் நான் நம்பியிருந்த மூத்த பொறியாளர்தான். இருந்தும் அந்த முள் ஒரு கோடு நகர்ந்தபோதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. காலையில் மூட்டைகளை இறக்கியதும் முள் பழைய இடத்துக்குத் திரும்பியது, எல்லோரும் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பாத முள்ளைப் பார்த்த மனிதர் மோனாஷ். கணக்கின் மீது அவருக்கு இருந்த மதிப்பு அன்றோடு குறைந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்கு ஒன்றையே நம்பி ஒரு வேலையில் இறங்கும் மனிதராக அவர் அதற்குப் பிறகு இருக்கவில்லை. பொருள், ஆள், வண்டி, நேரம், யார் யாருக்கு எதை எப்போது கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் என்ன செய்வது என்ற எல்லாவற்றையும் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கொண்டுவந்து, சம்பந்தப்பட்ட அனைவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒப்புக்கொள்ளச் செய்வது, நல்ல காண்ட்ராக்டரின் பழக்கம். 1905க்குப் பின் கான்கிரீட் நிறுவனத்தை நடத்திக் கடனை அடைத்துச் செல்வந்தரானதும் இந்தப் பழக்கத்தால்தான்; போர்முனைக்கு அவர் எடுத்துச் சென்றதும் இதைத்தான்.

ஆனால் எடுத்துச் சென்ற உடனே அது பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துருக்கியின் கலிப்பொலியில் 1915 ஆகஸ்டில் அவருடைய பிரிகேடு, ஏற்கெனவே நோயாலும் களைப்பாலும் துவண்டிருந்த நிலையில், இருட்டில், முட்புதர் மண்டிய பள்ளங்கள் வழியாக ‘971’ என்ற பெயருள்ள குன்றை நோக்கி அனுப்பப்பட்டது. நிலப்படம் நிலத்தோடு ஒத்துப்போகவில்லை. தம் நாட்டில் ராணுவ நிலப்படம் தயாரிப்பதையே பொறுப்பாகக் கொண்டிருந்தவர், அந்நிய மண்ணில் தவறான படத்தை வைத்துக்கொண்டு வழிதேடினார். தாக்குதல் தோற்றது. திட்டம் அவருடையதல்ல, காலமும் அவருடையதல்ல; இருந்தாலும் களத்தில் அவர் திணறினார் என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் உண்டு. அதேபோல பெல்ஜியத்தில் 1917 ஜூனில் மெசின் குன்றுத்தொடரிலும், அக்டோபர் 4 அன்று புரூட்செய்ன்டேயிலும் வென்ற, பல பிரிகேடுகளைக் கொண்ட அவருடைய 3ஆம் டிவிஷன், எட்டே நாட்களில் பாஷெண்டேல் சேற்றில் சிக்கியது. ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்று அவர் கேட்டார், மேலிடம் மறுத்தது. பீரங்கிகளைச் சேற்றில் இழுக்க முடியவில்லை, குண்டுகள் முழுமையாக வந்து சேரவில்லை, ஆனால் குறித்த தேதி மட்டும் மாறவில்லை. அக்டோபர் 12 அன்று அந்த ஒரு டிவிஷனில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். சரக்கு வந்து சேருவதற்கு முன்பே திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு, அந்தத் தேதிக்காக வேலையை விரட்டும் மேலிடம் எப்படிப்பட்டது என்பதைப் பொதுப்பணியில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1918 மே மாத இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் ஐந்து டிவிஷன்களையும் உள்ளடக்கிய ‘கோர்’ என்ற பெரும் படைத்தொகுதி முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. அந்த நியமனத்தை மாற்ற அதிகாரப்பூர்வப் போர்ச் செய்தியாளராக இருந்த சார்லஸ் பீனும், பத்திரிகையாளர் கீத் மர்டாக்கும் பிரதமர் வரை முயன்றார்கள். அதை இங்கு விரிக்கப் போவதில்லை. அந்தச் சூழலில்தான், ஜூலை 4 அன்று, பிரான்சில் ஹாமெல் என்ற சிறு கிராமத்தின் மீதான தாக்குதல் நடந்தது. தங்கள் கட்டுரை அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டது. நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

தாக்குதலுக்கு டாங்கிகள் தேவை. ஆனால் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் டாங்கிகளை வெறுத்தார்கள். முந்தைய ஆண்டு புல்லெகூரில் டாங்கிகள் வழியிலேயே பழுதாகி நின்றுவிட, அவற்றை நம்பிப் போன 4ஆம் பிரிகேடு சிதைந்துபோயிருந்தது. மோனாஷ் இதற்கு உத்தரவு எதுவும் போடவில்லை. பட்டாலியன் பட்டாலியனாக ஆட்களைப் பின்களத்துக்கு வண்டியில் அனுப்பி, டாங்கிகளின் மேல் ஏறிச் சவாரி செய்ய விட்டார். ஓட்டிப் பார்க்கவும் விட்டார். ஒவ்வொரு டாங்கியிலும் அது துணை நிற்கப்போகும் பட்டாலியனின் வண்ண அடையாளத்தைத் தீட்டச் செய்தார். தாக்குதலின்போது டாங்கிகள் காலாட்படை அதிகாரியின் கட்டளைக்கு உட்பட்டவை என்றும் எழுதி வைத்தார். டாங்கி ஓசையை மறைக்க விமானங்கள் முன்னணிக்கு மேலே பறந்தன. தாக்குதலுக்கு முந்தைய நாட்களில் ஒவ்வொரு விடியலிலும் புகையையும் நச்சு வாயுவையும் கலந்தே எறிகுண்டுகள் வீசப்பட்டதால், புகையைக் கண்டாலே வாயு முகமூடியை மாட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு ஜெர்மானியர் வந்திருந்தார்கள். தாக்குதல் நாளில் வெறும் புகை மட்டும்; முகமூடிக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் முகமூடியில்லாமல் எதிரி வந்து நின்றான்.

சரக்குப் போக்குவரத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதுவரை முன்னேறும் படைக்குப் பின்னால் முள்கம்பியையும் தோட்டாவையும் தண்ணீரையும் தோளில் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் குண்டுமழையில் ஓட வேண்டியிருந்தது. ஹாமெலில் நான்கு சரக்கு டாங்கிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் சுமக்கக்கூடிய பாரத்தைக் கொண்டுபோய் இறக்கின. இயந்திரத் துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளை விமானங்கள் பாராசூட்டில் கட்டிப் போட்டன. இதற்கெல்லாம் முன்பு நடந்த இறுதி ஆலோசனைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 133 இனங்கள் இருந்தன. கூட்டம் நான்கரை மணி நேரம் நீடித்தது. பீரங்கி, டாங்கி, விமானம், காலாட்படை, சரக்கு ஆகிய எல்லாப் பிரிவினரும் ஒரே அறையில் உட்கார்ந்து, மறுப்பு இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும் என்பது விதி. கூட்டம் முடிந்த பிறகு திட்டத்தில் ஒரு மாற்றமும் கிடையாது என்பது அடுத்த விதி. வேலை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் வந்து படத்தை மாற்றச் சொல்பவர்களால் பட்ட பாடு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்த இரண்டாவது விதி கடைசி நேரத்தில் சோதனைக்கு உள்ளானது. படையில் சேர்ந்து போரிட வந்திருந்த, கம்பெனி எனப்படும் அமெரிக்கப் படை அணிகளைத் திரும்பப் பெறும்படி அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் ஆணையிட்டார். ஆறு கம்பெனிகள் முன்னதாகவே விலக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருந்த சுமார் ஆயிரம் பேரையும் தாக்குதலுக்கு முந்தைய நாள் பிற்பகலில் விலக்கச் சொன்னபோது, காலம் கடந்துவிட்டது, அவர்களை எடுத்தால் தாக்குதலையே கைவிடுவேன் என்று தம் மேலதிகாரி ராலின்சனிடம் மோனாஷ் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர்கள் விலக்கப்படவில்லை. அமெரிக்கச் சுதந்திர தினத்தின் விடியலில், 3 மணி 10 நிமிடத்துக்குத் தாக்குதல் தொடங்கியது. 90 நிமிடங்களில் முடியும் என்று போட்ட எஸ்டிமேட். முடிந்தது 93 நிமிடங்களில். நம் இழப்பு என்று நேச நாடுகள் கணக்கிட்டது சுமார் 1,400 பேர், இறந்தோரும் காயமுற்றோருமாக. பிடிபட்ட ஜெர்மானியர் சுமார் 1,600 பேர். அந்த மூன்று நிமிடத்தைத்தான் எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். நான் வியப்பது 133 இனங்களை.

ஹாமெலில் பார்த்த முறைதான் ஆகஸ்ட் 8 அன்று ஆமியன்ஸ் போரில் மிகப் பெரிய அளவில் கையாளப்பட்டது. அது ஜெர்மன் படைக்குக் கறுப்பு நாள் என்று ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் பின்னர் எழுதினார். நான்கு நாட்கள் கழித்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெர்டாங்கில் மாளிகைக்கு வந்து மோனாஷுக்கு ‘சர்’ பட்டம் சூட்டினார். ஆனால் அடுத்த இரண்டு மாதங்களில் ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரண்வரிசை வரை அவர் தம் ஆட்களை விரட்டிய விரட்டு கொஞ்சமல்ல. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் அந்த இரண்டு மாதங்களில் இறந்தோ காயமுற்றோ போனார்கள். செப்டம்பரில் 1ஆம் பட்டாலியனில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீண்டும் முன்னணிக்குச் செல்ல மறுத்துவிட்டார்கள். இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடும் என்று துல்லியமாகக் கணித்தவர், மனிதர் எவ்வளவு நேரம் ஓடுவார் என்பதில் தாராளமாகவே எஸ்டிமேட் போட்டார் என்று நான் கருதுகிறேன்.

போர் முடிந்ததோடு தங்கள் கட்டுரையும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த மனிதரின் மிகக் கடினமான இரண்டு வேலைகள் வந்தன. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருந்த ஏறத்தாழ 1,60,000 ஆஸ்திரேலியப் படையினரைக் கப்பல் பஞ்சம் நிலவிய காலத்தில் ஊருக்கு அனுப்பும் பொறுப்பு முதலாவது. முதலில் வந்தவர் முதலில் போகலாம் என்பது அடிப்படை விதி. பெரும்பாலோர் 1919க்குள் வீடு சேர்ந்தார்கள். இரண்டாவது, விக்டோரியா மாநில மின்சார ஆணையம். 1921 முதல் இறக்கும் வரை அதன் தலைவராக இருந்து, லட்ரோப் பள்ளத்தாக்கில் யலோர்ன் என்னும் இடத்தில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுத்து மின்சாரம் தயாரித்து மெல்போர்னுக்குக் கம்பியில் அனுப்பினார்.

நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்குப் பழுப்பு நிலக்கரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெட்டியெடுத்த புதுக் கட்டியைக் கையில் பிடித்தால் பாதி தண்ணீரைப் பிடித்தது போலத்தான். யலோர்னில் அது பாதியையும் தாண்டியது. பழைய சுரங்கத்தில் எடுத்த நிலக்கரியின் ஈரத்தை வைத்துக் கொதிகலன்களுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். புதிய இடத்தில் தோண்டியதோ அதைவிட மிகுதியாக, எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர் கொண்டதாக இருந்தது. கொதிகலன்கள் எதிர்பார்த்த அளவு நீராவியைத் தரவில்லை. செலவு கூடியது, விசாரணை வந்தது, எதிர்க்கட்சியும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டன. பெண்டிகோவில் பாலம் சொன்ன அதே பாடத்தை இங்கே நிலக்கரி சொன்னது. ஆனால் அவர் வேலையைக் கைவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு தாம் போரிட்ட ஜெர்மானியரிடமே பழுப்பு நிலக்கரித் தொழில்நுட்பம் கற்றுவர ஆள் அனுப்பினார்கள், நிலக்கரியை உலர்த்தி அழுத்திக் கட்டியாக்கும் தொழிற்சாலையும் 1924இல் இயங்கத் தொடங்கியது. நம் நெய்வேலியிலும் பின்னாளில் ஜெர்மன் சக்கர வெட்டு இயந்திரங்களும் லெகோ என்ற எரிகட்டிகளும் வந்தன என்பதைப் படிப்பவர்கள் நினைவுகூர்வார்கள்.

பொருளாதார மந்தக் காலத்தில், 1930இல், நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றித் தலைமை தாங்கும்படி சிலர் அவரைத் தூண்டியபோது அவர் அதை உறுதியாக மறுத்துவிட்டார். 1931 அக்டோபர் 8 அன்று காலமானார். மெல்போர்னில் இறுதி ஊர்வலத்தைக் காண இரண்டரை லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகக் குறிப்புகள் கூறுகின்றன.

கடைசியாக ஒரு சிறு பிழை. தங்கள் இணைப்பில் அவருடைய படத்தின் கீழ் ‘ஜெனரல் மோனாஷ், 1918’ என்று அச்சாகியுள்ளது. அந்த ஆண்டில் அவர் லெப்டினன்ட் ஜெனரல். முழு ஜெனரல் பதவியை ஆஸ்திரேலியா அவருக்கு வழங்கியது 1929இல், போர் முடிந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு. படக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரைட்டன் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய கல்லில், அவரே விரும்பியபடி, பதவியோ பட்டமோ இல்லாமல் ‘ஜான் மோனாஷ்’ என்று மட்டுமே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உதவிக் கோட்டப் பொறியாளர் (ஓய்வு), நெடுஞ்சாலைத் துறை,
விருத்தாசலம்.